டிராக்டரில் வந்த மண்

வேம்பாரில் பாத்திரக்கடை வைத்திருந்த ராஜதுரை அண்ணாச்சியை ஊரே கேலி செய்யும். கடையில் புதுப் பாத்திரம் விற்பார், ஞாயிற்றுக்கிழமையானால் உடைந்த பானையைத் தேடி அலைவார். மழை விட்டதும் காட்டுக்குள் இறங்கிவிடுவார். நாற்பது வருஷமாக, ஆதிகால மக்கள் வாழ்ந்த இடங்களில் கிடக்கும் பழைய பானை ஓடு பொறுக்குகிறார். போன இடமெல்லாம் யாரோ முன்பே கண்டு எழுதிவிட்ட இடங்கள். தானே ஒரு இடத்தையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற ஆசை மட்டும் நிறைவேறவில்லை. அவர் மனைவி சீனித்தாய்க்கு இந்த அலைச்சலே கிடையாது. வீட்டுத் தோட்டத்துக்கு வரும் பறவைகள் போதும் அவளுக்கு. மகன் வாங்கித் தந்த பைனாகுலரும் கையுமாகப் பின்வாசல் படியில் உட்கார்ந்துவிடுவாள்.

வருஷா வருஷம் ஐப்பசியில் ஆறுமணிக்குருவி ஒன்று வரும். வடக்கே எங்கிருந்தோ பறந்து வந்து, வேப்பமரத்தடிச் சருகைக் கிளறிப் புழு தின்று, பங்குனி வரை இருக்கும். அதற்காகவே அந்த மூலையில் அவள் துடைப்பம் படவிடுவதில்லை. வீடு கூட்டத் தெரியாதவள் என்று பக்கத்து வீட்டு இசக்கிச்செல்வி சொன்னதும் அவள் காதில் விழத்தான் செய்தது. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

இந்தத் தை மாதம் அந்தக் குருவிதான் வம்பை இழுத்துவிட்டது. அது சருகைத் தள்ளிய இடத்தில், ஒருபுறம் கறுப்பும் மறுபுறம் சிவப்புமாக ஒரு பானை ஓடு. பக்கத்திலேயே, வளையலுக்காக அந்தக் காலத்தில் அறுத்துப் போட்ட சங்குத் துண்டு. ராஜதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. ஊர் ஊராகத் தேடியது சொந்த வீட்டிலேயே கிடக்கிறதே! கல்லூரியில் தொல்லியல் சொல்லிக்கொடுக்கும் தேவதாசனுக்குப் போன் போட்டார். அவர் மறுநாள் காலையிலேயே வருவதாகச் சொன்னார். உடனே இவர் குச்சி நட்டு, கயிறு கட்டி, சருகை ஒதுக்கித் தோண்டுவதற்கு இடம் குறித்தார். குருவியின் மூலை முழுசாகக் கயிற்றுக்குள் போய்விட்டது.

சீனித்தாய்க்கு அதைத் தடுக்க வேண்டும் போலிருந்தது. குருவிக்காக மட்டும் இல்லை. அது அந்த இடத்து மண்ணே இல்லை என்று அவளுக்குத் தெரியும். உப்புத் தரையில் செடி எதுவும் பிடிக்கவில்லை என்று, விளாத்திகுளம் பக்கத்துக் கண்மாயிலிருந்து டிராக்டரில் மண் அடித்த தோட்டம் அது. இரண்டடி தோண்டினால் கடல் மணல்தான். சொன்னால், குருவிக்காகக் கதை கட்டுகிறாள் என்று நினைப்பார். சொல்லாவிட்டால், நாளைக்குத் தேவதாசன் முன்னால் தலை குனிந்து நிற்பார். சாயங்காலம் காபியைக் கையில் கொடுத்துவிட்டு, சொல்லியேவிட்டாள்.

"கண்மாய் மண்ணா? எனக்குத் தெரியாம எப்ப வந்துச்சு?"

"வந்த அன்னைக்கு நீங்க எங்க இருந்திய? கீழவைப்பாருக்கு ஓடு பொறுக்கப் போயிருந்திய. நாந்தான் நின்னு கொட்டச் சொன்னேன்."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். குருவிக்காகச் சொல்லுதியா என்று கேட்டுவிடுவாரோ என்று அவள் தவித்தாள். அவர் கேட்கவில்லை. எழுந்து போய்க் கயிற்றை அவிழ்த்தார். குச்சிகளைப் பிடுங்கினார். ஒதுக்கிய சருகைக் கையாலேயே பழையபடி பரப்பினார். அதற்கப்புறம்தான் வாயைத் திறந்தார்.

"ஏளா, எந்தக் கண்மாய்?"

மறுநாள் தேவதாசன் காரிலேயே மூவரும் போனார்கள். ஆண்கள் இருவரும் முன்பு மண் வெட்டிய கரையோரமாக நடந்தார்கள். சீனித்தாய் பைனாகுலரோடு மறுபக்கம் ஒதுங்கினாள். தோட்டத்தைத் தாண்டி அவள் பறவை பார்க்க வந்தது அதுதான் முதல் தடவை. கோரைக்குப் பக்கத்தில் ஒரு முக்குளிப்பான் பறவை, இரண்டு குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தியது. ஒன்று சறுக்கித் தண்ணீரில் விழுவதும் மறுபடி ஏறுவதுமாக இருந்தது. சத்தமாக மூச்சுவிடக்கூடப் பயந்து நின்றாள். மூன்றும் கோரைக்குள் மறைந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

கொஞ்சம் தள்ளி ராஜதுரை நின்றுகொண்டிருந்தார். வேட்டியெல்லாம் சேறு. கரை நெடுகப் பானை ஓடும் அறுத்த சங்குமாகக் கிடக்கிறதாம். இந்த இடத்தைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை என்று தேவதாசனே சொல்லிவிட்டாராம்.  ராஜதுரையின் கையிலிருந்த ஓட்டில் ஒட்டிய சேறு காய்ந்து வெடித்திருந்ததை அவள் பார்த்தாள்.

"எப்பவோ கிடைச்சிருக்கு. கூப்பிட்டிருக்கலாம்லா?"

"கூப்பிட்டா அந்தப் பறவை தண்ணிக்குள்ள முங்கிரும்லா."

இப்படி ஒருவரைத் தனக்குக் கொடுத்ததற்கு எந்தச் சாமிக்கு நன்றி சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஓட்டை வாங்கி, முந்தானையால் சேற்றைத் துடைத்தாள்.