காயில் அக்காவின் காற்று

தொழிற்சாலையைப் பூட்டிய அன்று மதியம் மூன்றரை மணிக்கு, காயில் அக்கா தன் கையால் கம்பி சுற்றிய மின்விசிறிகள் அத்தனையும் மின்சாரம் இல்லாமலே சுழலத் தொடங்கின. பத்தொன்பது வருடமாக அங்கே விசிறி மோட்டாருக்குக் கம்பிச் சுருள், அதாவது காயில், சுற்றியவள்; அதுவே அவள் பெயராகிவிட்டது. செம்புக் கம்பி அறுத்து அறுத்து இடது கட்டைவிரலில் பள்ளமே விழுந்திருந்தது. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குச் சந்தையைத் திறந்துவிட்டு, இனிப் போட்டி போட்டுப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்று அரசாங்கம் சொன்னபோது அவள் பயப்படவில்லை. ஒரு கை பார்த்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் வந்த கம்பெனிக்கு நிலம் இலவசம், தனி மின்பாதை. இவர்களுக்குத் தினமும் ஆறு மணி நேர மின்வெட்டு. எட்டே மாதத்தில் முதலாளி இருநூற்றுப் பதினோரு பேரையும் வாசலில் நிறுத்தி, காலம் மாறிவிட்டது என்று கைகூப்பினார். மறுவாரமே கடைத்தெருவில் அந்தக் கம்பெனி விசிறிகளுக்கு ஏஜென்சி திறந்தார்.

அவர் வீட்டுக் கூடத்தில் இருந்ததும் அக்கா சுற்றிய விசிறிதான். ஏஜென்சி திறந்த அன்று அது வேகமெடுத்தது. சுவிட்சை அணைத்தார், வயரை வெட்டினார், கொக்கியிலிருந்து கழற்றவும் செய்தார். அது அந்தரத்தில் நின்று சுழன்றது. நான்காம் நாள் கூரை ஓடுகள் பறந்தன. ஐந்தாம் நாள் அக்காவைத் தேடிப் போனார். அவள் அடுத்தவர்கள் துணிகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"நிறுத்திடும்மா. கடையில உனக்கு ஒரு வேலை தரேன்."

"மத்த இருநூத்திப் பத்து பேருக்கு?"

"அது எப்படிம்மா முடியும்? போட்டின்னா அப்படித்தான்."

"போட்டின்னா ரெண்டு பேரும் ஒரே கோட்டுலேர்ந்து ஓடணும் மொதலாளி. எங்க காலைக் கட்டிப்போட்டுட்டு, தோத்துட்டீங்கன்னு சொல்றீங்க. நிறுத்துறது என் கையில இல்ல. அது என் வயித்தெரிச்சல்ல ஓடுது."

மூன்றாம் வருடம், ஊரில் வேறு யாரும் விசிறி செய்யவில்லை என்று உறுதியானதும் அந்தக் கம்பெனி விலையை இரட்டிப்பாக்கியது. அக்கா அதைப் பத்திரிகையில் படித்த அன்று, முதல் முறையாக யாரோ ஒருவருடைய சட்டையைக் கருக்கினாள். முதலாளி வீட்டில் நாற்காலிகள் எல்லாம் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டன.

அவர் மனைவி ஒரு கையால் தட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் பரிமாறப் பழகிவிட்டாள். வீட்டுக்கு வருகிறவர்கள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, குனிந்தபடியே உள்ளே போகிறார்கள். யாரும் காரணம் கேட்பதில்லை.