ஜன்னலோர இருக்கை

கடைசி கிளாஸைக் கீழே வைத்து ஆறு மணி நேரம் ஆகிவிட்டது. இது மரியராஜின் கணக்கு. நேற்று ஞாயிற்றுக்கிழமை, தம்பி மகனுக்கு மாதா கோயிலில் புதுநன்மைச் சடங்கு. விருந்து முடியவே நள்ளிரவு தாண்டிவிட்டது. வீட்டுக்கு வந்து தூங்கினான். விடிந்ததும் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டான். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து உப்புப் போட்டுக் குடித்தான். வாயில் இரண்டு கிராம்பை அடக்கிக்கொண்டு பள்ளி வேனை எடுத்துவிட்டான். அவனைப் பொறுத்தவரை அவன் இப்போது குடிக்காத மனிதன்.

பின்னால் கதவோரம் உட்கார்ந்திருந்த அன்னாளுக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா அவள். மரியராஜ் அவளுடைய அக்கா செபாஸ்தியம்மாளின் கணவன். புருஷன் இறந்த பிறகு கைக்குழந்தையோடு நின்ற அன்னாளுக்குப் பள்ளியில் பேசி இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். அந்த நன்றிதான் இன்று அவள் வாயைக் கட்டியிருந்தது.

செம்பட்டியில் அஸ்பாக் ஏறினான். இரண்டாம் வகுப்பு. ஜன்னலோர இருக்கையைப் பார்த்துவிட்டு, "ரீனா எங்க ஆயாம்மா?" என்று கேட்டான்.

"அவளுக்கு வயித்து வலிடா. நீ உக்காரு."

"அப்ப இன்னைக்கு ஜன்னல் எனக்கு."

அவள் தலையாட்டினாள். ரீனா அவளுடைய மகள். தினமும் அந்த இடத்தில்தான் உட்கார்ந்து வருவாள்.

வண்டி திண்டுக்கல்லை நோக்கிப் போனது. அடுத்த நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லிவிடலாம் என்று அன்னாள் நினைத்தாள். அங்கே இரண்டு பிள்ளைகள் ஏறினார்கள், அவள் சொல்லவில்லை. அதற்கடுத்த நிறுத்தத்தில் ஒரு தாய் கை காட்டிச் சிரித்தாள், அங்கும் சொல்லவில்லை. ஒரு வளைவில் எதிரே வந்த வத்தலக்குண்டு பஸ் ஒலியெழுப்பிக்கொண்டே இருந்தது. மரியராஜ் தாமதமாகத்தான் ஸ்டியரிங்கைத் திருப்பினான். புத்தகப் பைகள் சரிந்தன. ஒரு தண்ணீர் பாட்டில் உருண்டு வந்து அவள் காலில் இடித்தது. பிள்ளைகள் ராட்டினத்தில் போனதுபோலச் சிரித்தார்கள்.

"மச்சான், செத்த மெதுவாப் போங்க."

"நீ புள்ளைகளப் பாரு. ரோட்ட நான் பாத்துக்கிறேன்."

அவள் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

ஊருக்கு வெளியே போலீஸ் தடுப்பு வைத்திருந்தார்கள். பள்ளி வாகனங்களின் சான்றுகளைத்தான் பார்க்கிறார்கள் என்று மரியராஜ் நினைத்தான். கண்ணாடியை இறக்கினான். எஸ்.ஐ. நாகஜோதி குனிந்தாள். ஒரு கணம் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு கருவியை நீட்டினாள்.

"ஊதுங்கண்ணே."

"காலங்காத்தால என்ன மேடம் இது?"

"ஊதுங்க."

ஊதினான். எழுபத்திரண்டு என்று காட்டியது.

"நேத்து ராத்திரி குடிச்சது மேடம். தூங்கி எந்திரிச்சு, குளிச்சு, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடிச்சுட்டுத்தான் வாரேன்."

"தூங்குனா களைப்பு போகும். குளிச்சா அழுக்கு போகும். ரத்தத்துல கலந்தது அதுபாட்டுக்கு மெதுவாத்தான் எறங்கும். எலுமிச்சம்பழத்துக்கெல்லாம் அது பயப்படாது. வரம்பு முப்பது. ஒங்களுக்கு எழுபத்திரண்டு. சாவியக் குடுங்க."

"ஃபைனப் போட்டு விட்ருங்க மேடம். கட்டிருதேன்."

"இங்கன கட்டிட்டுப் போறதுக்கு இது ஹெல்மெட் கேஸ் இல்ல. மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு நூத்தி எம்பத்தஞ்சு. இப்ப ஒங்களக் கைது பண்றேன். ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரியில டாக்டர் பாக்கணும். ஜாமீன் கெடைக்கும், ஆனா கோர்ட்டுக்குப் போய்த்தான் ஆகணும். மொதத் தடவைன்னாலும் ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலோ, பத்தாயிரம் அபராதமோ, ரெண்டுமோ போடலாம். லைசென்சையும் நிறுத்தி வைக்கச் சொல்லி எழுதுவேன். புள்ளைகள வச்சு ஓட்டியிருக்கீங்க, அதையும் சேத்து எழுதுவேன்."

மரியராஜின் முகம் சுருங்கிப் போனது. கீழே இறங்கும்போது கால் படியைத் தவறவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டான்.

நாகஜோதி அன்னாளிடம் வந்தாள். "நீங்கதான் ஆயாவா? வண்டி எடுக்கறப்ப ஒங்களுக்கு ஏதாச்சும் தெரிஞ்சுச்சா? யோசிச்சுச் சொல்லுங்க, எழுதிக்கணும்."

மரியராஜ் அவளையே பார்த்தான். அக்காவின் முகமும் பள்ளியின் வாசலும் அவள் கண்ணுக்குள் வந்து போயின.

"எனக்கு ஒண்ணும் தெரியல மேடம்."

பிள்ளைகளை இறக்கி வேப்பமர நிழலில் உட்கார வைத்தார்கள். பள்ளியிலிருந்து வேறு வண்டி வருவதாகச் சொன்னார்கள். அன்னாள் ஒவ்வொரு பெற்றோருக்கும் போன் செய்தாள். போனை வைக்கும்போது மரியராஜ் அருகில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னான்: "நல்லவேளை, வாயத் தொறக்கல. தெரியும்னு சொல்லியிருந்தா ஒன் வேலையும் சேந்து போயிருக்கும்."

முதலில் வந்தது அஸ்பாக்கின் அத்தா நூர் அகமது. செம்பட்டியில் மளிகைக் கடை வைத்திருப்பவர். டிவிஎஸ்ஸை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். மகனின் தலை, கை, முட்டி எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். பிறகுதான் மரியராஜ் பக்கம் திரும்பினார்.

"அப்பு, ஒன்னைய நான் கேக்க மாட்டேன். கேக்க இந்தப் போலீஸ்காரங்க இருக்காங்க."

அன்னாளிடம் வந்தபோது அவர் குரல் தணிந்தது.

"ஒங்களக் குத்தம் சொல்ல மாட்டேன்க்கா. நீங்க இருக்கீங்கன்னுதானே இவன அனுப்புறோம். ஒங்க ரீனாவும் இதே வண்டியில வருது. சொந்தப் புள்ளையவே ஏத்துறவங்க அடுத்தவன் புள்ளையப் பாத்துக்க மாட்டாங்களா? எங்க தெருவுல எல்லாருக்கும் அதான் தைரியம்." அவர் சுற்றிப் பார்த்தார். "ஆமா, ரீனாவக் காணோம்?"

"அவளுக்கு வயித்து வலி அத்தா," என்றான் அஸ்பாக். "அவ ஜன்னல்ல நான்தான் வந்தேன்."

அவர் திட்டியிருந்தால் அன்னாள் தாங்கியிருப்பாள். மரத்தடியில் பிள்ளைகள் கல் பொறுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் கை கால் முழுசாக இருந்தது. அது யாருடைய சாமர்த்தியமும் இல்லை.

அவள் ஜீப்பை நோக்கி நடந்தாள். "அன்னாள்" என்று மரியராஜ் கூப்பிட்டான். அவள் நிற்கவில்லை.

"மேடம், முன்ன நான் சொன்னது பொய். மாத்தி எழுதிக்கோங்க."

நாகஜோதி நிமிர்ந்தாள். நூர் அகமதும் பின்னாலேயே வந்து நின்றார்.

"குடிச்சிட்டு ஓட்டுறவன் மட்டும் குத்தவாளி இல்ல. தெரிஞ்சும் வண்டிய நிறுத்தாம, வாய மூடிக்கிட்டு வாரவளும் குத்தவாளிதான்." நூர் அகமதின் முகத்தைப் பார்த்துத்தான் மீதியைச் சொன்னாள். "ரீனாவுக்கு வயித்து வலியெல்லாம் இல்லண்ணே. எங்க வீட்டு வாசல்ல வேன் கதவத் தொறந்ததுமே வாடை அடிச்சுச்சு. ஏறி உக்காந்திருந்த எம்புள்ளைய எறக்கி வீட்டுக்கு அனுப்பிட்டு, ஒங்க புள்ளைகள எல்லாம் நான்தான் கையப் புடிச்சு ஏத்துனேன்."