லோடுக்கு அடியில்

தலைக்கு மேல் வேலை என்று எல்லோரும்தான் சொல்லிக்கொள்கிறார்கள். புதுசுக்கு அது நிஜமாகவே தலைக்கு மேல்தான் தொங்கியது. கனமான இரும்பைத் தூக்கி நகர்த்தும் ஹாயிஸ்டை விற்கிற கம்பெனியில் அவளுக்கு விற்பனை வேலை. கூரையில் ஒரு இரும்பு உத்தரம், அதில் ஓடும் மோட்டார், மோட்டாரிலிருந்து இறங்கும் சங்கிலி, முனையில் கொக்கி. கீழே நிற்பவர் கையில், ஏற்ற ஒன்று இறக்க ஒன்று என்று பொத்தான் வைத்த பெட்டி. அவ்வளவுதான் சரக்கு. புதிதாக யார் சேர்ந்தாலும் ஆபீசில் அவர் பெயர் 'புதுசு'. அடுத்த ஆள் வரும்வரை அந்தப் பட்டம் இவளுக்கு.

மேனேஜருக்கும் ஒரு பட்டம் உண்டு, 'சர்க்கரை'. பேச்சு அப்படி இனிக்கும். ரத்தத்திலும் அதுவே இருந்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஒவ்வொரு ஹாயிஸ்டிலும் ஒரு படம் ஒட்டியிருக்கும். தொங்கும் பெட்டிக்கு அடியில் ஒரு மனிதன், அவன் மேல் சிவப்புக் கோடு. எழுத்துத் தெரியாதவருக்கும் புரியும். சர்க்கரையின் வியாபார வித்தை அந்தப் படத்துக்கு நேர் எதிரானது.

"நீ நாள் பூரா பேசறத விட, லோடுக்கு அடியில ஒரு நிமிஷம் நின்னா போதும். அங்கேயே ஆர்டர்."

"நீங்க நிப்பீங்களா சார்?"

"நான் நின்ன காலமெல்லாம் உண்டு. இப்ப பொண்ணு நின்னாத்தான் எடுபடும். பொண்ணே பயப்படலைன்னா வேற யாரு பயப்படுவா, சொல்லு?"

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று நம்பி இந்த வேலைக்கு வந்தவள் அவள். வாய்க்கு வேலையே இல்லை, தலையைக் கொடுத்தால் போதும் என்பது வந்த பிறகுதான் தெரிந்தது.

மறுத்திருக்கலாம். ஆனால் அவள் படுப்பது அக்கா வீட்டு ஹாலில். அக்கா புருஷன் நல்ல மனிதர்தான், ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. தினமும் சாப்பிடும்போது மட்டும், "வேலை நிரந்தரம் ஆயிடுச்சாம்மா?" என்று கேட்பார். அக்கறையாகக் கேட்கிற மாதிரியும் இருக்கும், வேறு இடம் பார்த்துக்கொள் என்கிற மாதிரியும் இருக்கும். அக்கா அந்த நேரம் பார்த்து அடுப்பைத் துடைப்பாள்.

பிளாஸ்டிக் வாளி செய்யும் ஒரு தொழிற்சாலையில்தான் அவள் முதலில் நின்றாள். வாளியை வார்க்கும் இரும்பு அச்சு ஒன்று, ஒரு கார் கனம் இருக்கும், காட்டுவதற்காக மாட்டியிருந்த ஹாயிஸ்டின் கொக்கியில் தொங்கியது. மஞ்சள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு அதற்கு அடியில் போனாள். சிரி என்று சர்க்கரை கண்ணால் ஜாடை காட்டினார். சிரித்தாள். சுற்றி நின்ற தொழிலாளர்கள் கை தட்டினார்கள், முதலாளி அன்றைக்கே ஒரு ஹாயிஸ்டுக்கு ஆர்டர் கொடுத்தார். வீட்டில் அக்கா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆர்டர் எப்படிக் கிடைத்தது என்று அவள் சொல்லவில்லை.

அதே முதலாளி புதிதாகக் கட்டிய கொட்டகைக்கு இன்னும் நான்கு ஹாயிஸ்ட் கேட்டு மறுபடி கூப்பிட்டார். "இது முடிஞ்சா உன் வேலையை நிரந்தரமாக்கற ஆர்டரும் வந்த மாதிரி" என்றார் சர்க்கரை காரில். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி அக்காவுக்குச் செய்தி அனுப்பினாள்.

தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் அவள் கால் நின்றுவிட்டது. அவள் விற்ற ஹாயிஸ்டில் அச்சு தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் கோணியை விரித்து, நரைத்த தலையோடு ஒருவர் மல்லாந்து படுத்து, அச்சின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, மொதல்ல வெளிய வாங்க."

அவர் படுத்தபடியே அவளைப் பார்த்தார். "அட, நீங்களாம்மா? நல்லா இருக்கீங்களா?"

"கீழ எறக்கி வச்சுத்தானே சுரண்டணும்?"

"எறக்கி, பொரட்டி, மறுபடி ஏத்தணும்னா நேரம் ஆகுதாம். முன்னல்லாம் மொதலாளி சொன்னா, அடியில போக மாட்டேன்னு சண்டை போடுவேன். இப்ப என்னத்தச் சொல்றது? அந்தப் பொண்ணே நின்னுச்சே, உனக்கென்ன கேடுங்கறாரு." குறையாக இல்லை, விவரம் சொல்வது போலத்தான் சொன்னார்.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது, யார் மேல் என்று மட்டும் தெரியவில்லை.

அதற்குள் முதலாளி ஆர்டர் தாளோடு வந்தார். பின்னால் புதுக் கொட்டகைக்கு எடுத்த ஆட்கள், எல்லோரும் சின்ன வயசு.

"வாம்மா. இந்தப் பசங்க அடியில போகவே பயப்படறானுங்க. அன்னைக்கு மாதிரி ஒரு தடவை நின்னு காட்டிடு, கையெழுத்துப் போட்டுடறேன்."

சர்க்கரை ஹெல்மெட்டை எடுத்து நீட்டினார். "ஒரு நிமிஷம்தானேம்மா."

படுத்திருந்தவர் எழுந்து, கோணியை இழுத்து அவளுக்கு இடம் விட்டார். அந்த மரியாதையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஹெல்மெட்டை வாங்கவில்லை. பக்கத்தில் தொங்கிய பொத்தான் பெட்டியைப் பிடித்து, இறக்கும் பொத்தானை அழுத்தினாள். அச்சு மெல்ல இறங்கித் தரையில் உட்கார்ந்தது. சங்கிலி தொய்ந்தது.

"நான் நிக்க மாட்டேன் சார். எனக்குப் பயமா இருக்கு. அன்னைக்கும் பயமாத்தான் இருந்துச்சு, பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்." புது ஆட்கள் பக்கம் திரும்பினாள். "நல்ல மெஷின்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா இரும்பும் ஒரு நாள் விட்டுப்போகும். யாரு சொன்னாலும் அடியில போகாதீங்க."

முதலாளி தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு தன் அறைக்கு நடந்தார். "சார், சின்னப் பொண்ணு சார், நான் பேசிக்கறேன்" என்று சர்க்கரை பின்னாலேயே ஓடினார். போகிற போக்கில் அவளை ஒரு பார்வை பார்த்தார். அதில் இனிப்பு இல்லை. இன்று இரவு சாப்பாட்டு நேரத்தில் என்ன பதில் சொல்வது என்று அவள் மனசு அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தது.

நரைத்த தலைக்காரர் கையைத் துணியில் துடைத்தபடி பக்கத்தில் வந்தார்.

"அவ்வளவு பயந்தவங்க, அன்னைக்கு ஏம்மா நின்னீங்க?"

"வேலை போயிடும்னுதான், அண்ணா."

அவர் தலையாட்டினார். "எனக்கும் அதேதாம்மா."

அறைக்குள்ளிருந்து முதலாளியின் குரல் அவரைக் கூப்பிட்டு, அச்சை ஏற்றச் சொன்னது. அவர் அவள் கையிலிருந்த பொத்தான் பெட்டியை மெதுவாக வாங்கிக்கொண்டார்.