ஒரு வாளி பச்சைத் தண்ணீர்

இரண்டு கைகளிலும் வெந்நீர் வாளியோடு சனாயே அறைக்குள் வந்தபோது, முரோய் தொட்டியில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துங்க! அப்பாவுக்குப் பச்சைத் தண்ணியா?"

இறந்தவர்களைக் குளிப்பாட்டுவதே முரோயின் தொழில். அவள் நிமிரவில்லை. "முதல்ல பச்சைத் தண்ணி, அது மேலதான் வெந்நீர். உயிரோட இருக்கறவங்களுக்குச் செய்யறதுக்குத் தலைகீழா. அதுதானேம்மா முறை?"

முறை சனாயேவுக்கும் தெரியும். ஆனால் படுத்திருப்பவர் அப்பா தொக்குஸோ. மலையிலிருந்து கொதித்து வரும் ஊற்றை நம்பி நாற்பது வருடம் இந்த விடுதியை நடத்தியவர். அதில் ஒரு குவளை பச்சைத் தண்ணீர் கலந்த விருந்தாளியைப் பாதிக் குளியலில் எழுப்பித் துண்டோடு வெளியே அனுப்பியவர். நேற்று மத்தியானம், "ஒரு தடவை ஊத்துத் தண்ணியில இறக்கி விடு, சனாயே" என்று கேட்டார். "டாக்டர் வேணாங்கறாருப்பா, நாளைக்குப் பாக்கலாம்" என்று போர்வையை இழுத்துவிட்டாள். விடியும் முன் போய்விட்டார்.

"கலக்காத தண்ணியிலதான் குளிப்பாட்டணும்." சனாயே வாளிகளைக் கீழே வைத்தாள். "இதையாவது அவரு இஷ்டப்படி செய்றேன்."

"தோல் உரிஞ்சிடும்மா."

கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா ஹிஸாயேவின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து ஓடிப்போய்ப் பிடித்தாள் சனாயே. அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பச்சைத் தண்ணியவே ஊத்துடி, தாராளமா ஊத்து. அவருக்குப் பழக்கம்தான்."

"என்னம்மா சொல்றே?"

"நெஞ்சுவலி வந்ததுலேர்ந்து, ஆறு வருஷமா, அவரு இறங்கறதுக்கு முன்னாடி நான் போய் நாலு வாளி கலந்துருவேன்."

"அப்பாவுக்குத் தெரியாதா?"

"தெரியறதாவது! கழுத்துவரைக்கும் உக்காந்துக்கிட்டு, 'பாத்தியா ஹிஸாயே, கலப்படமில்லாத தண்ணி, என்ன சுகம்'னு எனக்கே பாடம் எடுப்பாரு. நான் 'ஆமாங்க, ஆமாங்க'ன்னு முதுகு தேய்ப்பேன்."

முரோய் வாயைப் பொத்திப் பார்த்தாள், சிரிப்பு அடங்கவில்லை. சனாயேவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஊற்றின் பெருமையைப் பேசிப் பேசி, வெதுவெதுப்பில் கண்மூடிக் கிடந்த அப்பாவின் முகம் நினைவுக்கு வந்ததும் அவளும் தரையில் உட்கார்ந்து சிரித்துவிட்டாள்.

"நேத்து நீ விட்டிருந்தாலும்," என்றாள் அம்மா மெதுவாக, "நான் கலந்துதான் வச்சிருப்பேன்."

சனாயே எழுந்து, பச்சைத் தண்ணீரின் மேல் வெந்நீரை ஊற்றினாள். கைவிட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்சம் ஆற்றினாள். பாதத்திலிருந்து மேலே ஒவ்வொரு இடமாக நனைத்தார்கள். காதுமடலுக்குப் பின்னால் அம்மா விரலால் தேய்த்துவிட்டாள்.

தாழ்வாரத்துக்கு அப்பால், பெண்கள் குளியலறையில், மூட்டுவலிக்காக மாதக் கணக்கில் தங்கியிருக்கும் இரண்டு கிழவிகள் இறங்குவது கேட்டது.

"ஆத்தாடி, சுடுது!"

அந்தக் கூச்சலுக்கு எப்போதும் தாழ்வாரத்திலிருந்து அப்பாவின் அதட்டல் போகும். சனாயேவின் கை நின்றது.

அம்மா, அப்பாவின் தலையைத் தாங்கியபடியே கதவுப் பக்கம் திரும்பினாள். "அசையாம உக்காருங்க! அசைஞ்சாத்தான் சுடும்!"

"சரிங்க" என்றது ஒரு குரல்.

தண்ணீர் அலம்பும் சத்தம் நின்றது.