அடங்காத நுரை

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரபாகரின் கோப்பையில் ஒருவழியாகக் கிரீமா வந்தது.

எஸ்பிரெசோ காபியின் தலையில் பொன்பழுப்பாக ஒரு நுரை படியுமே, அதற்குத்தான் அந்தப் பெயர். அதற்காக அவன் மாதக்கணக்கில் படாத பாடு பட்டிருந்தான். சிக்கரி கலக்காத கொட்டையை ஏற்காட்டிலிருந்து வரவழைத்தான். வறுத்த சூட்டோடு அரைக்கக் கூடாது, ஒரு வாரம் ஆறப்போட வேண்டும் என்று வீடியோவில் யாரோ சொன்னதைக் கேட்டு ஆறப்போட்டான். பொடியை மாவாக அரைத்தால் மெஷின் மூச்சுத் திணறிச் சொட்டுச் சொட்டாகக் கக்கியது. கொஞ்சம் கொரகொரப்பாக விட்டால் வெறும் கறுப்புத் தண்ணீர் ஓடிற்று. பொடியைச் சமமாக அழுத்தினான், கோப்பையை வெந்நீரில் சூடாக்கினான். வந்ததென்னவோ ஓரத்தில் நாலு குமிழிதான்.

"எங்கிட்டக் குடுத்தா டம்ளரத் தூக்கி ஒரே ஆத்தா ஆத்தித் தந்துருவனுங்க. நுரைக்குன்னு ஒரு மெஷினாக்கும்?" என்று மனைவி பூங்குழலி கேலி செய்வாள்.

மெஷின் அவன் முதலாளி சிவபிரகாஷ் வாங்கிக் கொடுத்தது. சாயப்பட்டறை இயந்திரக் கண்காட்சிக்கு இத்தாலி போனபோது தன் லேப் பொறுப்பாளரான பிரபாகரையும் கூட்டிப்போனார். திரும்பும்போது தனக்கொன்று, அவனுக்கொன்று. அவர் வீட்டில் கிரீமா வந்தது. திங்கட்கிழமைதோறும் ஆபீஸில் அதைச் சொல்லிக் காட்டுவார்.

இன்றைக்கு வந்தது சாதாரணக் கிரீமா இல்லை. கோப்பையின் விளிம்பைத் தாண்டித் திரண்டு நின்றது. ஒரு வாய் குடித்தான். கசப்பு. நாக்கில் லேசான வழுவழுப்பு.

"பட்டு மாதிரி இருக்குது, குழலி."

"இருக்கட்டுமுங்க. இனியாவது அந்தக் கருமத்த உட்டுப்போட்டு ஊட்டு வேலையப் பாருங்க."

போட்டோ எடுத்து முதலாளிக்கு அனுப்பினான். உடனே பதில் வந்தது. 'கண்ணால பாத்தாத்தான் நம்புவேன். அந்தப் பக்கந்தான் வர்றேன்.'

குளித்துவிட்டு வந்தபோது பாதி குடித்து வைத்த கோப்பை மேசைமேலேயே இருந்தது. நுரையும் அப்படியே இருந்தது.

பிரபாகர் குனிந்து பார்த்தான். கிரீமாவின் ஆயுள் சில நிமிடம்தான். அதற்குள் கரைந்துவிடும் என்பதால்தானே அவசரமாகப் போட்டோ எடுத்தான். காபி ஆறிப்போயிருந்தது. கரண்டியால் கலக்கினான். நுரை விலகி, மறுபடி கூடியது.

"குழலி, இன்னைக்கு என்ன மாத்துன?"

அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்து தீயை அணைத்திருந்தது. அவள் துடைத்துக்கொண்டே சொன்னாள். "மாத்தலீங்களே. உங்க கேன் தண்ணி தீந்துபோச்சு. கொடத்துல இருந்து மெஷினுக்கு ஊத்துனன்."

"கொடத்துல எந்தத் தண்ணி?"

"கிணத்துத் தண்ணிதானுங்க. ஆர்ஓ தண்ணில சத்தே இல்ல, மூட்டு நோகும்னு எங்கம்மா சொல்லீட்டுப் போனாங்கல்ல? அப்பருந்து எனக்கு அதுதான். காய்ச்சித்தானுங்க குடிக்கறன். ஆனா இந்தப் பருப்புக்கு என்ன கேடோ, கொஞ்ச நாளா வேகறதுக்கு முன்னாடியே பொங்கி ஊத்துது."

ஏழு வருடம் கோயிலும் ஆஸ்பத்திரியுமாக அலைந்த பிறகு அவளுக்கு இப்போது ஐந்தாம் மாதம். அது தெரிந்த நாளிலிருந்து பிரபாகர் பட்டறைச் சட்டையோடு வாசற்படி ஏறியதில்லை. வெளிக்குழாயடியிலேயே சட்டையைக் கழற்றிப் போட்டு, கை கால் கழுவி, வேறு துணி மாற்றிக்கொண்டுதான் உள்ளே வருவான். ரசாயன வாடை அவள் பக்கமே போகக் கூடாது. பக்கத்துத் தோட்டத்து வெள்ளையம்மாள் அதைப் பார்த்துச் சிரிப்பாள். "அம்மிணி, நீயும் எம்மாடும் ஒண்ணாச் செனையாயிருக்கறீங்க. எம்மாட்டுக்கு இப்புடி ஒரு புருசன் வாய்க்கலையே."

பிரபாகர் காலி பாட்டில் ஒன்றில் குடத்துத் தண்ணீரைப் பாதி பிடித்து, மூடி, நாலு குலுக்குக் குலுக்கினான். அலசிய துணியில் சோப்பு மிச்சமிருக்கிறதா என்று பார்க்க லேப்பில் நித்தம் செய்கிற வேலைதான். நல்ல தண்ணீராக இருந்தால் குமிழி உடனே உடைந்துவிடும். இதில் வெள்ளையாக ஏறி, கழுத்துவரை நின்றது.

தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாகத்தான் இருந்தது.

ஐப்பசி மழையில் பட்டறையின் சுத்திகரிப்பு மெஷின் பழுதாகித் தொட்டிகள் நிரம்பி நின்றபோது, வழி சொன்னவனே அவன்தான். 'சாயத் தண்ணிய உட வேண்டாங்ணா. கடைசி அலசல் சோப்புத் தண்ணிய மட்டும் வடபக்கத்துப் பழைய போர்வெல்லுல உட்டுர்லாம். நெறமே இருக்காது, ஒருத்தருக்கும் தெரியாது' என்றான். தண்ணீர் கெட்டதா இல்லையா என்பதை நிறத்தை வைத்தே பார்த்துப் பழகிய கண். மெஷின் சரியான பிறகும் போருக்குப் போட்ட குழாயை யாரும் எடுக்கவில்லை. செலவு மிச்சம் என்று முதலாளி விட்டுவிட்டார். இவனும் கேட்கவில்லை. பட்டறை மேட்டில் இருந்தது. அவன் வீடும் கிணறும் அதே சரிவின் பள்ளத்தில்.

குழலியைக் கூப்பிட வாயெடுத்தான். வாசலில் கார் வந்து நின்றது.

"எங்கய்யா உன் கிரீமா?" என்று கேட்டபடி சிவபிரகாஷ் செருப்பைக் கழற்றினார்.

"வாங்ணா. குழலி, அண்ணனுக்கு மோர் கொண்டா."

"மோரா? மோர் குடிக்கவா பெருமாநல்லூர் ரோட்டுல இருந்து வண்டியத் திருப்புனன்? வந்ததுன்னு போட்டோ போட்டுட்டு இப்ப மோர்ங்கற. கடைல வாங்கிட்டு வந்து போட்டோ எடுத்தியா?"

"மெஷின் கொஞ்சம் மக்கர் பண்ணுதுங்ணா."

"அவருக்கு மக்கருங்ணா, எனக்கில்ல" என்று உள்ளிருந்து குரல் வந்தது. பார்த்துப் பார்த்தே அவளுக்கு எல்லாம் பழகியிருந்தது. பிரபாகர் எழுந்து சமையலறை வாசலுக்குப் போவதற்குள் கோப்பையோடு எதிரே வந்துவிட்டாள். நுரை திரண்டு நின்றது.

சிவபிரகாஷ் கோப்பையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடேங்கப்பா. எனக்கே இப்புடி வந்ததில்ல. என்ன அம்மிணி ரகசியம்? கொட்டை மாத்துனீங்களா?"

"கொட்டை அதேதானுங்ணா. தண்ணிதான் வேற. நம்ம கிணத்துத் தண்ணி."

உதட்டுக்குப் பக்கத்தில் போன கோப்பை அங்கேயே நின்றது. சிவபிரகாஷ் பிரபாகரைப் பார்த்தார். பிரபாகர் தரையைப் பார்த்தான். கோப்பை மெதுவாக இறங்கி மேசைக்கு வந்தது.

"ஏனுங்ணா, குடிக்கலீங்களா?"

"காலைல இருந்து நெஞ்சு கரிக்குதும்மா. காபியே ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"காபிக்குன்னுதானுங்களே வந்தீங்க?"

அவர் எழுந்தார். "பிரபாகர், நாளைக்கே உனக்குப் பெரிய ஆர்ஓ ஒண்ணு அனுப்பறேன். அம்மிணிக்கு இந்த மாதிரி நேரத்துல கிணத்துத் தண்ணியெல்லாம் வேண்டாம்."

பூங்குழலி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஜன்னல் திட்டில் இருந்த பாட்டிலைப் பார்த்தாள். நுரை இன்னும் இறங்கவில்லை.

"கிணத்துல என்ன இருக்குதுங்க?" அவள் கேட்டது கணவனை.

"பட்டறை சோப்புத் தண்ணி" என்றான் பிரபாகர். "பழைய போர்ல உட்டோம். இங்க வரும்னு நெனைக்கல."

"யாரு உட்டது?"

"நாந்தான் சொன்னேன்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சட்டையக் கூட வெளியிலயே கழட்டிப் போட்டீங்களேங்க" என்றாள்.

வெளியே வாளிச் சத்தம் கேட்டது. வெள்ளையம்மாள் குடத்தோடு வந்திருந்தாள். இரண்டு தோட்டத்துக்கும் பொதுக் கிணறு அது.

"போய்ச் சொல்லுங்க" என்றாள் பூங்குழலி.

சிவபிரகாஷ் அவன் கையைப் பிடித்தார். குரல் தணிந்திருந்தது. "அவசரப்படாத. நாளைக்குக் குழாயப் புடுங்கிப்போட்டர்லாம். வெளிய தெரிஞ்சா சீல் வெச்சுருவாங்க. அத்தன பேரு சோறு திங்கறாங்க. உம் பேருந்தான் வரும்."

"அவங்களும் இதத்தானுங்ணா குடிக்கறாங்க" என்றாள் பூங்குழலி. அவரைப் பார்த்துச் சொல்லவில்லை.

பிரபாகர் கையை விடுவித்துக்கொண்டு இறங்கினான். பின்னால் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

"அக்கா, அந்தத் தண்ணி வேண்டாமுங்க. கீழ ஊத்தீருங்க."

வெள்ளையம்மாள் குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். "ஏஞ் சாமி, தெளிவாத்தான இருக்குது?"

"பட்டறைத் தண்ணி எறங்கியிருக்குது. நெறம் இல்லாத தண்ணி. நாங்கதான் உட்டோம். குடிக்காதீங்க, மாட்டுக்கும் காட்டாதீங்க."

அவள் குடத்தைக் கிணற்று மேட்டில் வைத்தாள். பிறகு வீட்டுப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, அவன் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"போன வெள்ளிக்கெழம எம்மாடு கன்னப் போட்டுருச்சு, சாமி. மாசம் ஆகாமயே. செத்துத்தான் உழுந்துச்சு. தீவனந்தான் ஆகலையின்னு நெனச்சன். புள்ளத்தாச்சிகிட்டச் சொல்லக் கூடாதுன்னு வாயவே தொறக்கல." அவன் முகத்தையே பார்த்தாள். "அதுவும் இதனாலதானா?"

பிரபாகருக்குத் தெரியாது. லேப்பில் எதை எதையோ அளந்து பார்த்திருக்கிறான். இதை அளந்ததில்லை.

பின்னால் ஈரத் தரையில் காலடிச் சத்தம் கேட்டது. வெள்ளையம்மாள் அவன் தோளுக்கு மேலே பார்த்தாள். சட்டென்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.