திடீர் அப்பா

"அப்பா, காபி ஆறிடப் போகுது" என்று சொல்லி டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள் மனைவியின் மகள். ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேறு யாராவது வந்து நிற்கிறார்களா என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். சுவரும் காலண்டரும்தான் இருந்தன.

அவர் இந்த வீட்டுக்குள் மாப்பிள்ளையாக நுழைந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. மனைவிக்கு இது இரண்டாம் கல்யாணம். முதல் கணவர், "இதோ வந்துடறேன், எங்கேயும் போகல" என்று மகளின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுக் கிளம்பியவர், திரும்பவே இல்லை. அப்போது அவளுக்கு ஐந்து வயது. இப்போது ஒன்பது.

ஆரம்பத்தில் அவள் மெக்கானிக்கிடம் நேராகப் பேசவே மாட்டாள். சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்வாள். அப்புறம் ஒரு "இந்தாங்க" வந்தது. அதற்கும் பல மாதம் கழித்து, வாடிக்கையாளர்கள் அழைப்பதைக் கேட்டு, அவளும் "மெக்கானிக்" என்றே கூப்பிட ஆரம்பித்தாள். அதிலும் ஓர் அதட்டல்.

"மெக்கானிக், அது என் நாற்காலி."

"மெக்கானிக், ஊர் ஃப்ரிட்ஜையெல்லாம் சரி பண்றீங்க, உங்க குறட்டையை ரிப்பேர் பண்ணத் தெரியாதா?"

அந்த ஜன்னலோர நாற்காலிக்காக இருவரும் தினமும் மல்லுக்கு நின்றார்கள். மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். அவருக்கோ உள்ளுக்குள் ஒரே குஷி. பயப்படுகிற பிள்ளை சண்டைக்கு வராது என்பது அவர் கணக்கு. போன வாரம் வந்து தங்கிய அவருடைய அக்காதான், "பெத்தவன் மாதிரி பாத்துக்கறே, இன்னும் மெக்கானிக்கா? எனக்கே கூச்சமா இருக்குடா" என்று முகத்தைச் சுளித்துவிட்டுப் போனாள்.

அப்படிப்பட்டவள் திடுதிப்பென்று அப்பா என்கிறாள்.

"கேட்டீங்களா? என் காதாலேயே கேட்டேன்!" மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீ ஏதாவது சொல்லிக் குடுத்தியா?"

"நான் ஏன் சொல்லணும்? தானா வந்திருக்கு. சந்தோஷப்படாம போலீஸ்காரர் மாதிரி விசாரிக்கறீங்களே!"

சந்தோஷப்பட அவருக்கும் ஆசைதான். ஆனால் தொழில் புத்தி விடவில்லை. நாள் கணக்காக உறுமிக்கொண்டிருந்த ஃப்ரிட்ஜ் சட்டென்று அமைதியானால், விவரம் தெரியாதவர்கள் சரியாகிவிட்டது என்பார்கள். கம்ப்ரசர் செத்துவிட்டது என்பது மெக்கானிக்குக்குத்தான் தெரியும்.

எதையாவது உடைத்துவிட்டாளோ? டூல்ஸ் பையைக் கொட்டிப் பார்த்தார். எல்லாம் பத்திரமாக இருந்தன. செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீறல்கூட இல்லை.

"சைக்கிள் ஏதாவது வேணுமா?" என்று நூல் விட்டுப் பார்த்தார்.

"வேணாம்ப்பா."

பள்ளிக்கூட வாசலில் டீச்சரைப் பிடித்தார்.

"நல்லாத்தானே படிக்கிறா, ஏன் கேக்கறீங்க? வீட்ல ஏதாவது தொந்தரவா?"

"ஒரு தொந்தரவும் இல்ல டீச்சர். அதான் இடிக்குது."

இதற்கிடையில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. அவர் டூல்ஸ் பையைத் தோளில் மாட்டும்போதெல்லாம், எழுதிக்கொண்டிருந்தாலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும், அவள் விருட்டென்று எழுந்து நின்றாள்.

அன்று சாயங்காலம் வேண்டுமென்றே ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டார். அவள் புத்தகத்தோடு வந்தாள். பார்த்தாள். பேசாமல் தரையில் உட்கார்ந்தாள்.

"என்ன, சண்டை போடலையா?"

"பரவாயில்லப்பா. நீங்களே உக்காருங்க."

நாற்காலியை விட்டு இறங்கி, எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"யாரு சொல்லிக் குடுத்தது?"

அவள் கவுனின் ஓரத்தில் நூலைப் பிரித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், "அத்தை" என்றாள்.

"என்ன சொன்னாங்க?"

"அப்பான்னு கூப்பிடலேன்னா உங்களுக்கு வெறுத்துப் போயிடுமாம். நீங்களும் போயிடுவீங்களாம். அம்மா மறுபடியும் அழுதுக்கிட்டே இருப்பாங்களாம்."

அக்காமேல் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் முழுப் பழியையும் அவள் தலையில் போடவும் முடியவில்லை. "எப்பதான் வாய் நிறைய அப்பான்னு கூப்பிடுவாளோ" என்று அக்காவிடம் புலம்பியது யார்? அந்தக் காபியைக் குடித்தபோது சந்தேகத்துக்கு நடுவிலும் நெஞ்சு இனித்தது யாருக்கு?

"நான் எங்கேயும் போகல கண்ணு."

"அவரும் அப்படித்தான் சொன்னார்."

அவர் மோவாயைத் தடவினார்.

"சரி, நம்பாதே. பாத்துக்கிட்டே இரு."

"எவ்ளோ நாளைக்கு?"

"உனக்குப் போதும்னு தோணுற வரைக்கும். அதுவரைக்கும் அந்த அப்பாங்கற வார்த்தையை நீயே வெச்சுக்கோ. பயந்துக்கிட்டு குடுத்தா எனக்கு வேணாம்."

அவள் எழுந்து உள்ளே போனாள். மறுநாள் முதல் அப்பா போயிற்று. கூடவே மெக்கானிக்கும் போயிற்று. எந்தப் பெயரும் சொல்லாமல் டம்ளரை வைத்துவிட்டு நகர்ந்தாள்.

மனைவி பொரிந்து தள்ளினாள். "கைக்கு வந்ததைத் தட்டி விட்டுட்டீங்களே! இனி எந்தக் காலத்துல கூப்பிடப் போறா?"

"கூப்பிடறப்போ கூப்பிடட்டும்."

சொன்னாரே தவிர, அன்றெல்லாம் அவருக்கு வேலையில் கை ஓடவில்லை. ஒருவேளை கூப்பிடாமலே போய்விட்டால்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் தீர்ந்துவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். நாலு வீடு தாண்டியதும் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் நின்றால் அதுவும் நின்றது. நடந்தால் நடந்தது. போகிற ஆள் உண்மையிலேயே பாலுக்குத்தான் போகிறாரா என்று வேவு பார்க்கிற செருப்பு.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சின்னக் கால்களுக்கு எட்டுகிற மாதிரி நடையைத் தளர்த்தினார். லாண்டரிக் கடை போயிற்று, முடிவெட்டும் கடை போயிற்று. முனையில் திரும்பினால் பின்னால் வருகிறவளுக்குத் தெரியாமல் போய்விடுமே என்று, அங்கேயே நின்று சட்டைப் பையில் எதையோ தேடுகிற மாதிரி பாவனை செய்தார்.

பின்னாலிருந்து பொறுமையிழந்த குரல் வந்தது.

"இப்படி ஊர்ந்துக்கிட்டே போனா கடையைச் சாத்திடுவாங்க. வேகமா நடங்க!"