வாய்ச்சொல் ஏலம்

"முப்பது!" என்று கத்தியது தன் வாய்தான் என்பது சைபுதீனுக்கே ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது.

குளச்சல் கடற்கரையில் அன்று காலை கரையேறிய கரமடி வலையில் சாளை மீன் அப்படி வந்து விழுந்திருந்தது. இடுப்பளவு குவியல், மணலெல்லாம் துள்ளல். இத்தனை மீனைக் கண்டதும் வியாபாரிகள் தங்களுக்குள் கூடிப் பேசி வாயை மூடிக்கொண்டார்கள். கோலப்பன் மட்டும் மொத்தக் குவியலுக்கும் பதினைந்து ரூபாய் என்று ஒரு தரம் சொல்லிவிட்டு வெற்றிலையை மென்றுகொண்டு நின்றான். வெயில் ஏறினால் வலைக்குச் சொந்தக்காரியான மடிக்காரி தானே விலையில் இறங்கி வருவாள் என்பது அவர்கள் எண்ணம்.

ஏலம் கூறுகிற ஞானதாசன் சைபுதீனைப் பார்த்து முகம் சுளித்தான். "காச முன்ன வையும்."

மற்றவர்களுக்கு அந்தச் சட்டம் இல்லை. வாயால் கேட்டு மீனை எடுப்பார்கள். விற்ற பிறகு பணம். சைபுதீனும் ஒரு காலத்தில் அப்படி எடுத்தவன்தான். கொழும்புக்குப் போன அவன் கருவாட்டுச் சரக்கு தோணியோடு புயலில் முங்கிய வருஷம், நாகர்கோவில் கோர்ட்டில் மஞ்சக் கடுதாசி கொடுத்தான். கோர்ட்டு அவனை விட்டுவிட்டது, கடற்கரை விடவில்லை. அன்று முதல் ரொக்கம் வைத்து ஒரு கூடை, இரண்டு கூடை. அவன் மனைவி ஹபீபா பீவி உப்பிட்டுக் காயப்போடுவாள், அவன் சுமந்து விற்பான்.

"முப்பதுன்னா என்னான்னு தெரியுமா ஓய்?" கோலப்பன் சிரித்தான். "கோர்ட்டுல கேட்டுட்டு வாரும்."

மடிக்காரி சகாயசெல்வி மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தாள். சைபுதீன் நொடித்தபோது நஷ்டப்பட்டவர்களில் அவளும் ஒருத்தி. கோர்ட்டு வழியாக அவளுக்குக் கிடைத்தது ஒரு சேலைக்குக்கூடக் காணாது.

"கையில என்ன வச்சிருக்கீரு சாயிபே?"

"ஆறு ரூவா."

"மிச்சம்?"

"இன்னைக்கு திங்கள்சந்தை கூடுது. பொழுது சாயுமுன்ன கொண்டாந்து தாறேன்."

"அன்னைக்கும் இதே வாய்தான தாறேன்னு சொல்லிச்சு?"

புயலைப் பற்றிச் சொல்லலாம் என்று நாக்கு வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டான். "ஆமா அக்கா. தரல்ல."

சகாயசெல்வி மீனைப் பார்த்தாள், வெயிலைப் பார்த்தாள், கடைசியில் கோலப்பனைப் பார்த்தாள்.

"பாதி ஒமக்கு, பதினஞ்சு ரூவாய்க்கு. இருக்கிற ஆறக் குடும். மத்த பாதிய வேணுங்கிறவன் கேக்கட்டு."

கோலப்பனின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. அதற்குள் பின்னாலிருந்து ஒருவன், "அது எனக்கு, பதினஞ்சு!" என்றான். "பதினாறு!" என்றான் இன்னொருவன். கூடிப் பேசியதெல்லாம் அந்த நிமிஷத்தோடு சிதறிப்போனது. ஞானதாசனுக்குத் தொண்டை திறந்துகொண்டது.

சைபுதீன் வீட்டுக்கு ஓடினான்.

"ஏட்டி ஹபீபா! கடனுக்குத் தந்துட்டாவ!"

"யாருக்கு?"

"எனக்குத்தாம்ட்டி!"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணும் நிறைந்தது. பிறகு உப்புப் பானையை இழுத்து முற்றத்தில் வைத்தாள். ஒரு பங்கு மீன் அவள் உப்புக்குப் போயிற்று. மீதியை வாடகை வண்டியில் ஏற்றிவிட்டு, வண்டியில் உட்கார மனமில்லாமல் மாட்டோடு மாடாக ஓடினான். சந்தையில் அவன் போட்ட கூச்சலுக்குப் பக்கத்துக் கடைக்காரர்களே திரும்பிப் பார்த்தார்கள். கடைசிக் கூடைச் சாளையை விலை குறைக்காமல் விற்றான்.

அவன் திரும்பி வந்தபோது கடலின் மேல் இன்னும் வெளிச்சம் இருந்தது. சகாயசெல்வி பணத்தை எண்ணினாள். ஒரு நாணயத்தைக் கல்லில் சுண்டிப் பார்த்தாள். முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"நாளைக்கும் மடி வளைக்கோம். வாரீரா?"

"வாறேன்."

காசு கொண்டு வர வேண்டுமா என்று கேட்க வாயெடுத்தான். அவள் அதற்குள் வலையை உதறிக்கொண்டிருந்தவர்கள் பக்கம் போய்விட்டாள்.

கால் கழுவ அலையில் இறங்கினான். முழங்கை வரைக்கும் சாளைச் செதிள் ஒட்டிக்கிடந்தது. சாயும் வெயில் பட்டு இரண்டு கையும் மினுங்கின. கழுவக் குனிந்தவன், அப்படியே நிமிர்ந்து, கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான்.